நான் வாசித்துச் சொன்ன ஸ்கான் ரிப்போர்ட்

சிவமணி அன்ரியிடமிருந்து மூத்திர வாடை வருகிறது என்று எங்கள் அடுக்குமாடி பிளட்ஸில் முதலில் சொன்னது நான்தான். அவரோடு லிப்டில் ஐந்து மாடி ஏறி வந்தேன். வீட்டுக்குள் போய், செருப்பைக் கழற்ற முன்பே அம்மாவிடம் கேட்டேன்.

"அந்த மனிசி குளிக்கிறேல்லையோ?"

"ச்சீ, மெல்லக் கதை," என்றார் அம்மா. ஆனால் அன்று பின்னேரமே அவர் அதை நாலாம் மாடிக்குச் சொல்லியிருந்தார். நாலாம் மாடி மற்ற மாடிகளுக்குச் சொன்னது. ஒரு கிழமைக்குள், அன்ரி லிப்டுக்குள் ஏறினால் வெளியே நிற்பவர்களுக்கெல்லாம் திடீரென்று போனில் ஏதோ வேலை வந்துவிடும். "நீங்கள் போங்கோ அன்ரி, நாங்கள் பிறகு வாறம்."

அவர் போவார். கதவு மூடியதும் இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள். நானும் சுளித்திருக்கிறேன்.

அன்ரிக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. வெள்ளவத்தையில் கலியாணப் பொம்பிளைகளுக்குச் சேலை கட்டிவிடுவது அவருடைய தொழில். 1999ஆம் ஆண்டு சண்டிலிப்பாயிலிருந்து கொழும்புக்கு வந்தவர். அவருக்குப் பேசி முற்றாக்கிய மாப்பிள்ளை பிரான்ஸில் இருந்தார். ஏஜென்சிக்காரன் அனுப்பும்வரை காலி வீதிக்குப் பக்கத்தில் ஒரு லொட்ஜில் தங்கியிருக்கச் சொன்னார்கள். ஒன்றரை வருடம் தங்கினார். மாப்பிள்ளை அங்கேயே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். அந்த லொட்ஜில் இவரைப்போலவே பயணத்துக்குக் காத்திருந்த பெண்கள் நிறைய. பதிவுக் கலியாணத்துக்கும் போட்டோவுக்கும் அவர்களுக்கு ஒழுங்காகச் சேலை கட்டிவிட ஓர் ஆள் தேவைப்பட்டது. அன்ரி கட்டிவிட்டார். அவர்கள் விமானம் ஏறிப் போனார்கள். அன்ரி இங்கேயே தங்கிவிட்டார். ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "அங்கை போய் ஆருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறது?" என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

அவருடைய கூட்டாளி ருஷ்தா அக்கா. பக்கத்துப் பாமன்கடைப் பகுதியில் இருக்கிறார். மேக்கப் போடுவார். பதினொரு வருடமாக இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கலியாணங்களுக்குப் போனார்கள். அன்ரி வேலை செய்யும்போது ஏழெட்டு ஊசிகளை உதட்டில் கடித்துக்கொண்டு நிற்பார். ருஷ்தா அக்காவுக்கு அது பிடிக்காது.

"வாய்ல ஊசி ஈக்கிற நேரம் சிரிக்க வாணாம் மணி. முழுங்கினீங்கண்டா நான்தான் ஜெயிலுக்குப் போற."

அன்ரி ஊசிகளைக் கையில் எடுத்துவிட்டுப் பதில் சொல்வார். "உன்ர மேக்கப்பைப் பாத்திட்டுச் சிரிக்காமல் என்ன செய்ய? பொம்பிளைக்கு ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெள்ளையடிச்சு வைச்சிருக்கிறாய்."

"சுவர நான் அடிக்கிற. திரைச்சீலய நீங்க போடுற. சரியா?"

பொம்பிளைகளும் சிரித்துவிடுவார்கள். கலியாணத்தன்று காலையில் ஒரு பெண்ணைச் சிரிக்க வைப்பது சின்ன வேலை இல்லை.

ஆனால் கூறைச் சேலை என்று வந்தால் ஒரு நடைமுறை இருந்தது. பெட்டியிலிருந்து அதை எடுத்து விரிப்பது ஒரு சுமங்கலியாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அன்ரி கை வைக்கலாம். வீட்டுக்காரர் சொல்லும்வரை அவர் காத்திருப்பதில்லை. அறைக்குள் நுழைந்ததுமே, "ஆராவது ஒரு சுமங்கலி வந்து கூறையை விரிச்சுத் தாங்கோ," என்பார். இதைக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஏன் இப்படி உங்களை நீங்களே தாழ்த்துகிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் முதல் சொன்னால் அது தொழில். அவை சொன்னால் அது வேறை," என்றார்.

சுகவீனம் எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியாது. காலையில் எழும்பும்போது தலையிடி இருந்தது. சில நாட்கள் சத்தி எடுத்தார். எல்லோரும் காஸ்ட்ரிக் என்றார்கள். அதிகாலை முகூர்த்தங்களுக்காக வெறும் வயிற்றோடு ஓடுகிறவருக்குக் காஸ்ட்ரிக் வராமல் என்ன வரும்? பிறகு நடை மாறியது. கால்கள் நிலத்தில் ஒட்டிக்கொண்டதுபோல, பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்துச் சின்ன அடிகளாக வைத்தார். அது சீனி வருத்தம் என்றார்கள். ஒரே பொம்பிளைக்கு இரண்டு தடவை போன் எடுத்து ஒரே கேள்வியைக் கேட்டார். வயது போகிறது என்றார்கள். மூத்திரம் வந்தால் அடக்க முடியவில்லை. அதற்கு மட்டும் யாரும் காரணம் சொல்லவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

கடைசியில் சந்தி டிஸ்பென்சரி டொக்டர் அவரை நடக்கவிட்டுப் பார்த்தார். உடனே நரம்பியல் நிபுணர் ஒருவரைத் தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணிப் பார்க்கச் சொன்னார். அந்த நிபுணர் தலைக்கு எம்ஆர்ஐ ஸ்கான் எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட் கிடைத்ததும் கொண்டுவரச் சொன்னார். நாலு நாளில் அது கிடைத்தது. ஆனால் டொக்டர் வெளிநாடு போய்விட்டார், மூன்று கிழமைக்குப் பிறகுதான் நம்பர் தருவோம் என்று போனில் சொன்னார்கள். கவர் ஒட்டியிருந்தது. எங்கள் ஆட்கள் எந்த மருத்துவக் கவரையும் டொக்டரிடம் போகும்வரை ஒட்டியபடி வைத்திருப்பதில்லை. அன்ரியும் பிரித்தார். எல்லாம் இங்கிலீஸ். என்னிடம் கொண்டுவந்தார்.

எங்கள் பிளட்ஸில் எல்லா இங்கிலீஸ் கடிதங்களும் என்னிடம்தான் வரும். விசா மறுப்புக் கடிதம், கனடா லோயரின் கடிதம், பாங்குக் கடிதம் எல்லாம். அப்பா சைவக் கடையில் தேத்தண்ணி போடுகிறவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வாசலில் கண்டால், "எங்கட டிகிரி வருது" என்பார்கள். நான் புவியியலைத் தமிழில் படித்தவள் என்பதோ, கட்டாய இங்கிலீஸ் பரீட்சையை இரண்டாம் தடவைதான் பாஸ் பண்ணினேன் என்பதோ அவர்களுக்குத் தெரியாது. நான் சொன்னதும் இல்லை. சொல்லாமல் இருப்பது பொய்யில்லை என்று எனக்கு நானே நியாயம் வைத்திருந்தேன்.

"பிள்ளை, இதில என்ன கிடக்கு எண்டு ஒருக்காச் சொல்லு," என்று அன்ரி கதிரையில் இருந்தார். இருக்க முன்பு கதிரையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துக்கொண்டார். அதைப் பார்க்காததுபோல இருந்தேன்.

இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் நெருக்கமாக எழுத்து. நான் நேரே கடைசிப் பகுதிக்குப் போனேன். சுருக்கம் எப்போதும் கடைசியில்தான் இருக்கும் என்பது கம்பஸில் பழகிய குறுக்குவழி. அங்கே மூன்று வரி இருந்தது. முதல் வரியில் அக்குவிடக்ட் என்று ஒரு சொல். ரோமர்கள் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரக் கட்டிய பாலத்துக்கு அந்தப் பெயர் என்று படித்திருக்கிறேன். ரோமர்களுக்கும் அன்ரியின் தலைக்கும் என்ன தொடர்பு என்று அதைத் தாண்டிப் போனேன். இரண்டாம் வரியில் இரத்த நாளம் ஒன்றைப் பற்றி இருந்தது. அந்தச் சொற்களைப் போனில் அடித்தேன். பிறவியிலேயே வித்தியாசமாக அமைந்த நாளங்கள், பெரும்பாலும் ஆபத்தில்லாதவை, தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படுபவை, வெட்டி எடுக்கக் கூடாது என்று வந்தது. மூன்றாம் வரி, மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் கருத்தைப் பெறவும் என்றது. உத்தியோகக் கடிதத்தின் கீழே "உண்மையுள்ள" என்று போடுவதுபோல, ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் எல்லோரும் போடும் வரி அது என்று எடுத்துக்கொண்டேன்.

விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு முழுதாகப் பத்து நிமிஷம் இருந்தது. அன்ரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்றார், நான் இங்கிலீஸ் வாசிப்பதைப் பார்ப்பதற்காகவே.

"பயப்பிட ஒண்டும் இல்லை அன்ரி. மூளைக்குள்ள ஒரு ரத்தக் குழாய் பிறக்கேக்கையே கொஞ்சம் வித்தியாசமா இருக்காம். ஆபத்தில்லாததாம். அதைத் தொடக்கூடாது எண்டும் இருக்கு."

"ஒப்பரேசன்?"

"தேவையில்லை. செய்யவே கூடாது."

அன்ரியின் தோள்கள் கீழே இறங்கியதைக் கண்டேன். "நீ நல்லா இருப்பாய் மேனை," என்றார். அடுத்த நாள் ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழம் கொண்டுவந்து தந்தார். சாப்பிட்டேன்.

மூன்று கிழமை கழித்து வந்த நம்பருக்கு அவர் போகவில்லை. அது ஆடி மாதம். கலியாணம் ஒன்றும் இல்லாத மாதம். முழு மாதமும் வீட்டில்தான் இருந்தார். ஒருநாள் போயிருந்தால் போதும். ஏன் போவார்? ஆபத்தில்லை என்று டிகிரி சொல்லிவிட்டதே.

ஆவணியில் முதல் முகூர்த்தம் எங்கள் மூன்றாம் மாடி யதுஷாவுக்கு. என்னோடு படித்தவள். பொம்பிளைத் தோழிகளோடு நானும் கலியாண ஹோலில் அவள் அறைக்குள் நின்றேன். வழமைபோல ஒரு சித்தி வந்து கூறையை விரித்துக் கொடுத்தார். அன்ரி கட்டத் தொடங்கினார். கை மெதுவாக இருந்தது. ஒரு மடிப்பை எடுத்துவிட்டு, அடுத்ததற்கு முன் எதையோ யோசிப்பதுபோல நின்றார்.

"மணி, நீங்க முடிக்கிறதுக்குள்ள மாப்பிள தாலியக் கட்டிட்டு வீட்டுக்கும் போயிருவாரு," என்றார் ருஷ்தா அக்கா.

அன்ரி சிரிக்கவில்லை. கால் பக்கத்து மடிப்புகளைச் சரி பார்க்க முழங்காலில் இருந்தார். எழும்ப முடியவில்லை. ஒரு கையை நிலத்தில் ஊன்றினார். அப்போது அவருடைய சேலை பின்பக்கம் நனைந்து கறுத்தது. ஹோலின் சிவப்புக் கம்பளத்தில் ஈரம் பரவி யதுஷாவின் பாதத்தை நோக்கி வந்தது.

"கூறை! கூறையைத் தூக்குங்கோ!" என்று யதுஷாவின் அம்மா கத்தினார்.

நாலு பேர் பாய்ந்து கூறையைத் தூக்கினோம். நானும் ஒரு கரையைப் பிடித்தேன். முழங்காலில் இருந்த மனிசியை ஒருவரும் தூக்கவில்லை. யாரோ "இண்டைக்குப் பாத்து" என்றார். இன்னொருவர், "சொன்னனான்தானே, இவவை எடுக்கவேண்டாம் எண்டு," என்றார். ஒருத்தி மஞ்சள் தண்ணீர் எடுக்க ஓடினாள். அன்ரி நிலத்தைப் பார்த்தபடி, ஈரத்தைத் தன் கையால் துடைக்கப் பார்த்தார். துடைக்கத் துடைக்க அது கம்பளத்தில் இன்னும் பரவியது. எனக்கு அருவருத்தது. அந்த அருவருப்பு அவர்கள் மேல் வந்ததா, அந்த ஈரத்தின் மேல் வந்ததா என்று அன்றைக்கு எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்போதும் நிச்சயமில்லை.

ருஷ்தா அக்கா பிரஷை வைத்துவிட்டு வந்தார். தன் ஷோலை எடுத்து அன்ரியின் இடுப்பில் சுற்றினார். கக்கத்தில் கை கொடுத்து நிமிர்த்தினார். பிறகு எல்லோரையும் பார்த்து, "தண்ணி தெளிக்கிறண்டா சீக்கிரமாத் தெளிங்க. புள்ளட மேக்கப் கரையுது," என்றார்.

யதுஷா அழுதுகொண்டிருந்தாள். மிச்ச மடிப்பை யதுஷாவின் சித்தி கட்டினார். கோணலாக இருந்தது.

யதுஷாவின் மேக்கப்பை முடித்துக் கொடுத்துவிட்டு ருஷ்தா அக்கா வெளியே வந்தார். நாங்கள் மூன்று பேரும் ஓட்டோவில் வந்தோம். அன்ரி நடுவில். சாரதி இரண்டு தடவை கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். வழியில் அன்ரி, "உந்த லைட்டுகளைச் சுத்தி ஏன் வட்டம் வட்டமா இருக்கு?" என்று கேட்டார். பகல் பதினொரு மணி. லைட் ஒன்றும் எரியவில்லை. கொஞ்ச நாளாகக் குனிந்து நிமிர்ந்தால் கண் ஒரு கணம் இருட்டிவிட்டுத் திரும்பி வருகிறது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அன்ரியைக் குளிக்க விட்டுவிட்டு ருஷ்தா அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அந்த ஸ்கான் ரிப்போட்ட டொக்டர் பாத்தாரா?"

"நான் வாசிச்சுச் சொன்னனான். ஆபத்தில்லை எண்டுதான்..."

"நான் கேட்டது டொக்டர் பாத்தாராண்டு."

"இல்லை."

"அப்ப நீ டொக்டரா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டார். நான் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தி, முதல் பக்கத்தின் முதல் சொல்லிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். தெரியாத ஒவ்வொரு சொல்லையும் தேடினேன். இரண்டு மணித்தியாலம் போனது. ஏழு கிழமைக்கு முன்பு அந்த இரண்டு மணித்தியாலத்தை நான் செலவழிக்கவில்லை.

மூளைக்குள் நாலு அறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு நாளைக்கு அரை லீற்றர் அளவில் நீர் ஊறுகிறது. ஊறிய நீர் ஓடிப்போக வேண்டும். மூன்றாம் அறைக்கும் நாலாம் அறைக்கும் நடுவில் ஒரு மெல்லிய வாய்க்கால் உண்டு. அதன் பெயர்தான் அக்குவிடக்ட். அன்ரியின் பிறவி நாளம் அந்த வாய்க்காலுக்குக் குறுக்கே போய், அதை நெரித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் எப்படியோ ஒழுகிப் போன நீர் இப்போது தேங்கி, மேலே உள்ள மூன்று அறைகளும் வீங்கிவிட்டன. நடையையும் மூத்திரத்தையும் ஞாபகத்தையும் அந்த வீக்கம்தான் அமுக்கியது. கண் நரம்பையும் அமுக்கும். நாளம் ஆபத்தில்லாதது என்பது உண்மை. மூளையின் நல்ல பகுதியின் இரத்தமும் அதன் வழியாகவே வடிவதால் அதை வெட்டக்கூடாது என்பதும் உண்மை. ஆனால் தேங்கிய நீருக்கு வேறு வழி வெட்டலாம். வெட்ட வேண்டும். காலம் போனால் போன பார்வை திரும்பாது. நான் பாதியைச் சொல்லியிருந்தேன், அதுவும் எல்லோருக்கும் கேட்க இனிமையான பாதியை.

அன்று பின்னேரம் அன்ரியிடம் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன்.

"அன்ரி, இண்டைக்கு இப்பிடி நடந்தபடியால் இனி ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டத்தான் வேணும். இது புதுசா வந்ததாக்கும்."

புதுசா வந்தது என்றேன். என் வாயே அந்தப் பொய்யைத் தேடி எடுத்துச் சொன்னது.

"நீதானே ஒப்பரேசன் செய்யக்கூடாது எண்டனி?"

"அது... அந்தக் குழாய்க்கு. இது வேறை."

"பிள்ளை, ஆவணிக்குள்ள இன்னும் ஐஞ்சு பொம்பிளை இருக்கு. முடியட்டும்."

"அஞ்சும் இல்ல," என்றார் ருஷ்தா அக்கா குசினியிலிருந்து. "எல்லாருக்கும் கோல் எடுத்துக் கேன்சல் பண்ணிட்டன்."

"என்னைக் கேளாமலோ?"

"கேட்டா நீங்க வாணாண்டு சொல்லுவீங்க. அதான் கேக்கல்ல."

உண்மையில் ஒருவருக்கும் கோல் எடுக்கவில்லை என்று ருஷ்தா அக்கா பிறகு என்னிடம் சொன்னார். அடுத்த நாள் விடிய அரச ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவசரப் பிரிவில் ஓர் இளம் டொக்டர் அன்ரியின் கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். பார்த்ததும் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட இருந்தார். ரிப்போர்ட்டின் திகதியைப் பார்த்தார்.

"அய் மெச்சர பரக்கு?" ஏன் இவ்வளவு சுணக்கம் என்று சிங்களத்தில் கேட்டார்.

அன்ரிக்குக் கடைச் சிங்களம் தெரியும், ஆஸ்பத்திரிச் சிங்களம் தெரியாது. நான்தான் மொழிபெயர்க்க நின்றேன். கேள்வியைத் தமிழில் சொன்னேன். அன்ரி என்னை ஒருமுறை பார்த்தார்.

"நான்தான் அலுமாரிக்குள்ள வைச்சிட்டு மறந்துபோனன் எண்டு சொல்லு. கலியாணச் சீசன் எண்டு சொல்லு."

அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன், இலக்கணப் பிழையில்லாமல். டொக்டர் தலையை ஆட்டிவிட்டு எழுதினார். "இந்த ஆக்கள் இப்படித்தான்," என்று பக்கத்திலிருந்த நேர்ஸிடம் சொன்னார். என்னைப் பார்த்துச் சொன்னது, "நீங்களாவது படிச்ச ஆள், கூட்டிக்கொண்டு வந்தது நல்லது." அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஒப்பரேசன். முன்மண்டையில் சின்னத் துளை போட்டு, மெல்லிய கமரா ஒன்றை விட்டு, மூன்றாம் அறையின் அடித்தளத்தில் ஒரு துவாரம் போட்டார்கள். நீர் அந்தப் பக்கத்தால் ஓடத் தொடங்கியது. நாளத்தைத் தொடவில்லை. அது இப்போதும் அன்ரியின் தலைக்குள் இருக்கிறது.

ஒப்பரேசன் முடிந்த நாலாம் நாள் அவர் வாட்டில் தனியே கக்கூசுக்குப் போய் வந்தார். ருஷ்தா அக்கா கை தட்டினார். பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மாவும் என்னவென்று தெரியாமலே தட்டினார். தலையிடி நின்றது. இரண்டு கிழமைக்குள் பாதத்தைத் தூக்கி வைத்து நடந்தார். பொம்பிளைகளின் பெயர்களைக் கலியாணத் திகதியோடு சொன்னார். பிளட்ஸ்காரர் ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து பார்த்தார்கள். "எங்களுக்குத் தெரிஞ்சிருந்தால்" என்றார்கள். என்ன தெரிந்திருந்தால்? வருத்தம் என்று தெரிந்திருந்தால் லிப்டில் சேர்ந்து போயிருப்பார்களாம். அம்மாவும் அப்படித்தான் சொன்னார். வந்தவர்கள் எல்லோரும் என்னையும் பாராட்டினார்கள்: நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பிள்ளை.

கண் மட்டும் திரும்பவில்லை. ஊசியில் நூல் கோர்க்கலாம், நேரே இருக்கும் முகம் தெரியும், ஆனால் பக்கங்கள் இல்லை. ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல என்றார். ஒரு நாள் ருஷ்தா அக்காவை நிறுத்திச் சேலை கட்டிப் பார்த்தார். மடிப்பைப் பார்த்தால் முந்தானை தெரியவில்லை, முந்தானையைப் பார்த்தால் மடிப்புக் கழன்றது. மூன்று தடவை கட்டி மூன்று தடவை அவிழ்த்தார்.

கண் கிளினிக்குக்கும் மொழிபெயர்க்க நான்தான் போனேன். இருட்டறையில் புள்ளி வெளிச்சம் காட்டும் பரிசோதனை முடிந்தது. வயதான பெண் டொக்டர், பொறுமையானவர். பரிசோதனைத் தாளில் கறுத்திருந்த இடங்களைக் காட்டினார். அவை இனி வராது என்றார். இருப்பதைக் காப்பாற்றலாம். ஒன்றிரண்டு மாதம் முந்தி வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம் என்றார். ஏன் சுணங்கியது என்று அவரும் கேட்டார்.

அன்ரி வாயைத் திறக்க முன்பு நான் இங்கிலீஸில் சொன்னேன். ரிப்போர்ட்டை நான் வாசித்தேன். எனக்கு விளங்கவில்லை. விளங்கியதுபோல ஆபத்தில்லை என்று சொன்னேன். மிஸ்டேக் என்னுடையது.

டொக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "ம்," என்றார். கிளினிக் கொப்பியில் நாலு மாதம் கழித்து ஒரு திகதி எழுதினார். மணியை அடித்தார். அடுத்த நம்பர் உள்ளே வந்தது.

வெளியே இருந்த மர வாங்கில் அன்ரியை இருத்திவிட்டு, அவர் முன்னால் நின்று தமிழிலும் சொன்னேன். இந்த முறை பாதி வைக்கவில்லை. ரோமர்களின் பாலம்வரை சொன்னேன்.

அன்ரி தலையைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடி, நேருக்கு நேராகப் பிடித்தார்.

"ஏன் உந்த டொக்டருக்குச் சொன்னனி? அந்தப் பெடியன் டொக்டருக்கு நான் அலுமாரி எண்டு சொல்லி முடிச்சாச்சுத்தானே."

"அது பொய் அன்ரி."

"பொய்தான். பேந்தென்ன? உனக்கு அதைப் பொறுக்கேலாமல் போச்சு. அதுக்காகச் சொன்னாய்." கிளினிக் கொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தார். "உனக்கு விளங்கேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். பத்து நிமிசமா ஒரே தாளைப் பாத்துக்கொண்டிருந்தாய். உன்னட்டை வாறதுக்கு முன்னம் கீழை பாமசியில நிக்கிற அப்ஹாமிட்டைக் காட்டினனான். அவன் வாசிச்சிட்டு, அன்ரி, இதை நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ எண்டவன். அது எனக்குப் பிடிக்கேல்லை. நீ சொன்னது பிடிச்சுது. அதை எடுத்துக்கொண்டன்."

அதைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்படியென்றால் என் பிழை மட்டும் இல்லை. பக்கங்கள் இருட்டிப்போன ஒரு மனிசியின் முன்னால் நின்றுகொண்டு நான் மூச்சை இலகுவாக விட்டேன். அவருக்கு அந்த மூச்சுக் கேட்டிருக்க வேண்டும்.

"சந்தோசப்படாதை," என்றார். "அப்ஹாம் சொன்னதுக்கு மேல நீ சொன்னதை நான் ஏன் எடுத்தனான்? நீ படிச்சனி எண்டுதானே. அவன் கடையில நிக்கிறவன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உந்த மன்னிப்பையும் நான் சுமக்கேலாது, பிள்ளை. அடுத்த கிளினிக்குக்கு ருஷ்தாவோட போறன். அவளின்ர சிங்களமே எனக்குக் காணும்."

நாலு மாதம் கழித்து அந்தத் திகதி வந்தது. இடையில் அன்ரி என்னை எங்கே கண்டாலும் கதைப்பார். சாப்பிட்டியா, வேலை கிடைச்சுதா என்று கேட்பார். ஒரு துண்டுத் தாள்கூட என்னிடம் நீட்டுவதில்லை. அன்று காலை நான் பல்கனியில் நின்றேன். ருஷ்தா அக்காவும் அவரும் கேற்றுக்கு வெளியே வந்தார்கள். அன்ரி பாதத்தை நன்றாகத் தூக்கி வைத்து விறுவிறென்று நடந்தார். அந்த நடையைப் பார்த்தால் சுகமில்லாத ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வலது பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அவர் நிற்கவில்லை. ருஷ்தா அக்கா அவருடைய சேலையைப் பின்னால் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் சத்தமாகக் கதைத்தது மேலேவரை கேட்டது.

"எங்க மணி பாக்கிற?"

"நேரை தான் பாக்கிறன். வேறை எங்கை பாக்கிறது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மோட்டார் சைக்கிள்காரன் சிங்களத்தில் ஏதோ ஏசிவிட்டுப் போனான். கீழே ஓடிப்போய் ஒரு கை பிடித்துக் கடக்க உதவலாம் என்று எனக்குத் தோன்றியது. அது அவருக்காகவா, எனக்காகவா என்று கேட்டுக்கொண்டு நின்றேன். நான் அப்படி நிற்கும்போதே அவர்கள் காலி வீதியைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார்கள்.